பயர்பாக்ஸில் வீடியோ ஓடவில்லையா? விளம்பரத்தில் வரும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள்

பயர்பாக்ஸ் பிரவுசரில் படம் ஓடவில்லை என்று தேடுகிறவர்களைக் குறிவைத்து ஒரு மோசடி நடக்கிறது. ஓய்வுபெற்ற ஒரு தம்பதி இதில் 4,999 ரூபாயை இழந்திருக்கிறார்கள். அவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது காசே இல்லாத ஓர் அப்டேட் மட்டும்தான்.

அவர்களுடையது விண்டோஸ் 10 லேப்டாப். பயர்பாக்ஸ் 102ஆம் பதிப்பில் நின்றிருந்தது. டேட்டா மிச்சமாகட்டும் என்று யாரோ தானியங்கி அப்டேட்டை அணைத்து வைத்திருந்தார்கள். 2025 மார்ச் 14 அன்று, பயர்பாக்ஸை உருவாக்கும் மோசில்லாவின் ரூட் சர்டிபிகேட் (நம்பகத்தைச் சரிபார்க்கும் மின்னணுச் சான்று) ஒன்று காலாவதியானது. 128க்கும் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்றால் 115.13க்கும்) முந்தைய பயர்பாக்ஸ் எல்லாவற்றிலும் அன்றோடு இரண்டு வேலைகள் கெட்டன. ஆட்-ஆன்கள் (பிரவுசரில் சேர்க்கும் சிறு நிரல்கள்) முடங்கின, டிஆர்எம் என்னும் நகல் தடுப்புப் பூட்டுப் போட்ட ஓடிடி படங்கள் ஓடாமல் போயின. முடங்கிய ஆட்-ஆன்களில் விளம்பரத் தடுப்பானும் ஒன்று. அதனால் காரணம் தேடப் போனபோது தேடல் முடிவுக்கு மேலேயே 'பயர்பாக்ஸ் உதவி எண்' என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. நோய் வந்த அன்றே காவலும் போயிருந்தது.

போனை எடுத்தவர் முதலில் திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொன்னார். பிறகு விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, சிவப்புக் குறிகளைக் காட்டி, எல்லாம் வைரஸ் என்றார். நல்ல நிலையில் இருக்கும் கணினியிலும் அந்தச் சிவப்புக் குறிகள் இருக்கும். அவை அன்றாடப் பதிவுகள். அடுத்து வந்த பில்லில் இரண்டு வரிகள்: 'வீடியோ கோடெக் லைசென்ஸ், ஓராண்டு' (கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள்), 'பிரவுசர் சர்டிபிகேட் புதுப்பிப்பு'. இரண்டாவது வரி பாதி உண்மை என்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. சர்டிபிகேட் காலாவதியானது நிஜம். ஆனால் புதிய சர்டிபிகேட் புதிய பதிப்புக்குள்ளேயே வருகிறது. அதைத் தனியாக விற்க எவருக்கும் வழியில்லை. முதல் வரி முழுப் பொய். பணம் வாங்கிக்கொண்டு ஒரு கோடெக் பேக்கை நிறுவிவிட்டுப் போனார்கள். படம் அதன் பிறகும் ஓடவில்லை.

ஓடாது. பயர்பாக்ஸ் விண்டோஸில் விபி9, ஏவி1 போன்ற வீடியோ வடிவங்களை விரிக்கும் மென்பொருளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. எச்.264 வீடியோவுக்கும் ஏஏசி ஒலிக்கும் விண்டோஸிலேயே இருக்கும் மீடியா ஃபவுண்டேஷன் என்னும் பகுதியைப் பயன்படுத்துகிறது. பழைய மீடியா பிளேயர்களுக்காக உருவான கோடெக் பேக்குகளை அது திரும்பிக்கூடப் பார்க்காது. இலவச மென்பொருளான பயர்பாக்ஸுக்கு லைசென்ஸ் கட்டணமும் கிடையாது, போனில் அழைக்கும் உதவி எண்ணும் கிடையாது. மோசில்லாவின் பெயரில் உதவி எண் எங்கே தெரிந்தாலும் அது போலி.

செய்ய வேண்டியிருந்தது இதுதான். மெனு, ஹெல்ப், அபவுட் பயர்பாக்ஸ் என்று போய் அப்டேட்டை முடிக்க வேண்டும். விண்டோஸ் 7, 8 வைத்திருப்பவர்களுக்கு 115 நீண்டகால ஆதரவுப் பதிப்புதான் கடைசி, அதிலும் 115.13க்குக் கீழே இருக்கக்கூடாது. அடுத்து செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் டிஆர்எம் உள்ளடக்கத்தை ஓட்டும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். டிக் போட்டதும் டிஆர்எம் பூட்டைத் திறக்கும் வைட்வைன் என்னும் கூறு தானாக இறங்கும். ஆட்-ஆன்கள் பக்கத்தில் பிளகின்ஸ் பிரிவில் அது தெரிய வேண்டும். வைட்வைன் கூகுளின் மூடிய மென்பொருள். அதனால்தான் பயர்பாக்ஸிலிருந்து கிளைத்த பிரவுசர்களில் லிப்ரவுல்ஃப் அதை அணைத்தே தருகிறது, குனு ஐஸ்கேட் சேர்ப்பதே இல்லை. அவற்றில் ஓடிடி படம் ஓடாததைக் கோளாறு என்று சொல்லிச் சரிசெய்யக் காசு கேட்பவர் ஒன்றும் தெரியாதவர், இல்லையேல் ஏமாற்றுகிறவர்.

டிஆர்எம் இல்லாத சாதாரண வீடியோவும் ஓடவில்லை என்றால் காரணம் வேறு. ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட் மோடைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் ஆட்-ஆன்களும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனும் (வீடியோ வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) அணைந்திருக்கும். அங்கே ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பச்சைத் திரை, கறுப்புத் திரை, ஒலி மட்டும் வருவது போன்றவை பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரின் (கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள்) வேலை. செட்டிங்ஸில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் பரிந்துரைத்த அமைப்பின் டிக்கை எடுத்தால் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் கட்டம் தெரியும்; அதையும் எடுத்துவிட்டு மூடித் திறங்கள். சரியாகிவிட்டால் டிரைவரைப் புதுப்பித்த பின் மறுபடியும் டிக் போடுங்கள். இல்லையென்றால் சிபியு வீணாகச் சூடேறும்.

விண்டோஸின் பெயரோடு 'என்' (N) என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அந்தப் பதிப்பில் மீடியா ஃபவுண்டேஷன் இருக்காது. மீடியா ஃபீச்சர் பேக்கை விண்டோஸ் செட்டிங்ஸின் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் வழியாக இலவசமாகச் சேர்க்கலாம். லினக்ஸில் எச்.264 வேலையை எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் பார்க்கிறது. ஃபெடோரா லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பது காப்புரிமைச் சிக்கலால் குறைக்கப்பட்ட பதிப்பு. முழுப் பதிப்பு ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற தனிக் களஞ்சியத்தில் இருக்கிறது.

வீடியோ ஓடுகிறது, ஆனால் திக்கித் திணறுகிறது என்றால் யூடியூப் வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பாருங்கள். கோடெக் வரியில் ஏவி01 என்று இருந்து, தவறிய ஃபிரேம்கள் ஏறிக்கொண்டே போனால், உங்கள் கிராபிக்ஸ் சிப் ஏவி1ஐத் தானே விரிக்க முடியாத பழசு என்று கொள்ளலாம். இன்டெலில் 11ஆம் தலைமுறையிலிருந்துதான் அந்த வசதி வந்தது. எச்264ஐஃபை என்ற இலவச ஆட்-ஆன் யூடியூபை எச்.264க்கு மாற்றிவிடும். இதற்காகப் புது லேப்டாப் வாங்கச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மோசடி போன் வழியாக மட்டும் வருவதில்லை. ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யச் சொல்லும் எந்தப் பக்கமும் திருட்டுப் பக்கம். ஃபிளாஷின் ஆயுள் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. 2021 ஜனவரியில் வந்த பயர்பாக்ஸ் 85 அதை அடியோடு நீக்கிவிட்டது. 'வீடியோ பார்க்க அலோ (Allow) அழுத்தவும்' என்றால் அது நோட்டிபிகேஷன் அனுமதி கேட்கிறது. அழுத்திவிட்டால் நாள் முழுக்கப் பொய் வைரஸ் எச்சரிக்கை வரும். பிரைவசி பக்கத்தில் பெர்மிஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்குங்கள். எல்லாவற்றிலும் கொடியது, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, கண்ட்ரோல் வி, என்டர் அழுத்தச் சொல்வது. அந்தப் பக்கம் உங்கள் கிளிப்போர்டில் ஏற்கெனவே ஒரு கட்டளையை வைத்திருக்கும். என்டர் தட்டிய நொடியில் கணினி அவர்கள் கையில்.

அந்தத் தம்பதியை மறுநாளும் அழைத்தார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், யூபிஐ பின் போடுங்கள் என்றார்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணைப் போட்டால் பணம் போகும். மகள் பக்கத்தில் இருந்து தடுத்ததால் மீதிப் பணம் மிஞ்சியது.

ஏற்கெனவே திரையைப் பகிர்ந்துவிட்டீர்களா? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், அந்தச் செயலியை நீக்குங்கள். பயர்பாக்ஸில் சேமித்த பாஸ்வேர்டுகளை அவர்கள் பார்த்திருக்கலாம் என்று கருதி, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சலில் தொடங்கி வங்கி வரை எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிறகு பயர்பாக்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு (சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டும் முதன்மைக் கடவுச்சொல்) வையுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும், இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன்னால்தான் அதை முடக்க முடியும். பரிவர்த்தனை எண், நேரம், அவர்கள் அழைத்த எண், பில்லின் படம் ஆகிய நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.