உள்ளங்கை வியர்வைக்கு மதுரையில் வைத்தியம்

கத்திரி வெயிலில் மதுரையில் யாருக்குத்தான் வேர்க்காது? அதனாலேயே என் அண்ணன் மகளின் உள்ளங்கை வியர்வையை வீட்டில் யாரும் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை. "உடம்புச் சூடு, மோரைக் குடி, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளை கல்லூரிக்கு வந்துவிட்டாள். ஏசி அறையிலும் அவள் கை சொட்டும். பரீட்சை எழுதும்போது தாளுக்கும் கைக்கும் நடுவில் கைக்குட்டை விரித்துக்கொள்வாள். ரேஷன் கடையில் விரல் ரேகை பதியாது. துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து வைப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள். டொராண்டோவிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனபோது, இதற்கு ஒரு வழி பார்த்துவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தேன்.

முதலில் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க முடிந்தது. கனடாவில் குடும்ப மருத்துவர் கடிதம் கொடுத்து, தோல் மருத்துவருக்காக மாதக்கணக்கில் காத்திருந்து பழகிய எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் கையைத் தொட்டுப் பார்த்த கொஞ்ச நேரத்திலேயே அவர் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார். மார்புக்கூட்டில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, கையை வேர்க்க வைக்கும் நரம்பை வெட்டுவார்கள், அல்லது கிளிப் போடுவார்கள். கை காய்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் முதுகு, வயிறு, தொடை என்று வேறு இடங்களில் வியர்வை கூடுவது சகஜம். சிலருக்கு அது பழையதைவிடப் பெரிய தொல்லையாகிவிடும். வெட்டிய நரம்பைப் பழையபடி ஆக்க நம்பகமான வழியும் இல்லை. இதெல்லாம் நான் துருவிக் கேட்ட பிறகுதான் அவர் வாயிலிருந்து வந்தது. வேறு எதையும் முயன்று பார்க்காத பெண்ணுக்கு இதையா முதல் வைத்தியமாகச் சொல்வது? எனக்குக் கோபம் ஆறவே இல்லை.

அடுத்து அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு. ஓ.பி. சீட்டுக்கு நீண்ட வரிசை, உட்கார இடமில்லை, மின்விசிறிக் காற்று மூலைக்கு வராது. கட்டணம் எதுவும் கிடையாது. உள்ளே இருந்த டாக்டரம்மா கையைத் தொடுவதற்கு முன்பே கேள்விகளை ஆரம்பித்தார்.

"எந்த வயசிலேர்ந்தும்மா?"

"அஞ்சாவது படிக்கும்போதே, மேடம்."

"தூங்கும்போது வேர்க்குதா? ரெண்டு கையும் ஒரே மாதிரியா? வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

தூக்கத்தில் வேர்ப்பதில்லை, இரண்டு கையும் ஒரே மாதிரிதான், என் பெரியப்பாவுக்கும் இருந்தது. இந்தப் பதில்களே பாதி நோயைச் சொல்லிவிடுகின்றன. சிறு வயதிலேயே தொடங்கி, இரண்டு பக்கமும் சமமாக வந்து, தூக்கத்தில் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் பரம்பரையாக வரும் வகை. சுரப்பிகளில் கோளாறு இல்லை, அவற்றைத் தூண்டும் நரம்புதான் தேவைக்கு மேல் வேலை செய்கிறது. நடுத்தர வயதில் திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்தாலோ, ராத்திரி படுக்கை நனைந்தாலோ, எடை குறைந்தாலோ கதை வேறு. தைராய்டு, சர்க்கரை, காசநோய், மாதவிடாய் நிற்கும் காலம், மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று தைராய்டும் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார். இரண்டும் சரியாகவே இருந்தன.

அப்புறம் பயிற்சி மருத்துவர்களைக் கூப்பிட்டு ஒரு சோதனை செய்து காட்டினார். உள்ளங்கையில் அயோடின் தடவிக் காயவிட்டு, மேலே ஸ்டார்ச் மாவு தூவினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசிமுனைப் புள்ளிகளாகக் கருநீலம் கிளம்பி, விரல் நுனி வரை பரவி ஒன்றாகிவிட்டது. "இவ்வளவு இடத்திலேர்ந்தா அத்தை?" என்று அவளே அசந்துபோனாள்.

வைத்தியம் படிப்படியாகத்தான். முதலில் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல். ராத்திரி, நன்றாகக் காய்ந்த கையில் தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரக்கையில் தடவினால் எரியும். அது அவளுக்குப் போதவில்லை என்றதும், ஒரு தோல் கிளினிக்கில் மின்சார சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார். வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீர் நிரப்பிய இரண்டு தட்டங்களில் கைகளை வைக்க வேண்டும். தண்ணீர் வழியாக லேசான மின்னோட்டம் விடுகிறார்கள். கீறல் இருந்தால் அதன் மேல் வாசலின். குறுகுறுக்கும், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம், ஆரம்பத்தில் வாரத்துக்குப் பலமுறை. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

மாத்திரையும் உண்டு. ஆனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், வியர்வையே அடங்கினால் மதுரை வெயிலில் உடம்பு சூடேறிவிடும் என்று டாக்டரம்மா தள்ளிவைத்தார். போடாக்ஸ் ஊசி உள்ளங்கையில் வலிக்கும், சில மாதங்களில் மறுபடி போட வேண்டும். அக்குள் வியர்வைக்கு அது நல்ல வழி.

நான் கிளம்பும்போது அவள் கை முழுக்கக் காய்ந்துவிடவில்லை, ஆனால் சொட்டுவது நின்றிருந்தது. இந்த மின்சார சிகிச்சையின் பலன் தெரியவே சில வாரம் பிடிக்கும். நிறுத்தினால் வியர்வை திரும்பிவிடும் என்பதால் பிறகும் விட்டுவிட்டு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்கு வந்து இந்த வைத்தியம் பார்க்க நினைப்பவர்கள் விடுமுறையின் முதல் வாரத்திலேயே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். வீட்டிலேயே வைத்துச் செய்துகொள்ளும் கருவியும் கிடைக்கிறது. அதை வாங்கலாமா என்று அண்ணன் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.