டாங்கிளும் லேனும் சேர்ந்து ஓட: சின்ன அலுவலகத்துக்கு எந்த வழி சரி?

அம்பத்தூர் பட்டறை, தி.நகர் ஆடிட்டர் அலுவலகம், திருவல்லிக்கேணி அச்சகம் என்று இடம் மாறினாலும் தொல்லை ஒன்றுதான். கம்ப்யூட்டரில் லேன் (அலுவலகக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் உள் நெட்வொர்க்) கேபிள் செருகியிருக்கிறது. டேலி கணக்கு மென்பொருள், பிரிண்டர், பொது ஃபோல்டர் எல்லாம் அதன் வழியாக. நெட்டுக்கு மட்டும் சிம் போட்ட யுஎஸ்பி டாங்கிள், இல்லையென்றால் போன். இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் ஏதோ ஒன்று படுத்துவிடுகிறது. 56கே மோடம் தொலைபேசிக் கம்பியில் கத்திக்கொண்டிருந்த நாளிலேயே இருந்த பிரச்சினை இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பிராட்பேண்ட் போய், போனை வைத்துச் சமாளித்தவர்களுக்கும் இது புதிதாக இருக்காது.

காரணம் கேட்வே. தன் நெட்வொர்க்குக்குள் இருக்கும் கம்ப்யூட்டரோடு பேச கேட்வே தேவையில்லை, நேராகப் போய்விடும். வெளியே போக வேண்டுமென்றால் ஒரு வாசல் வேண்டும். லேன் கார்டு ஒரு வாசலைக் காட்டுகிறது, டாங்கிள் இன்னொன்றைக் காட்டுகிறது. விண்டோஸ் இரண்டுக்கும் பாதிப் பாதி பிரித்துக் கொடுப்பதில்லை. மெட்ரிக் (எந்த வழிக்கு முன்னுரிமை என்று காட்டும் எண்) எதற்குக் குறைவோ அந்த வாசலில் எல்லாவற்றையும் தள்ளிவிடும்.

இங்கேதான் ஆளுக்கு ஆள் அறிகுறி மாறுகிறது. *99# என்று டயல் செய்து இணையும் பழைய வகை டாங்கிளை விண்டோஸ் டயல்-அப் மோடமாகவே நடத்துகிறது. அதன் அமைப்பில் "ரிமோட் நெட்வொர்க்கின் கேட்வேயைப் பயன்படுத்து" என்ற டிக் முதலிலிருந்தே இருக்கும். அதனால் இணைந்தவுடன் டாங்கிள் ஜெயிக்கும். நெட் வரும், ஆனால் வேறு சப்நெட்டில் (தனி முகவரி வரிசை கொண்ட நெட்வொர்க் பகுதியில்) இருக்கும் கிளை அலுவலக சர்வர் காணாமல் போகும். போனை யுஎஸ்பியில் மாட்டினாலோ, நெட்வொர்க் கார்டு மாதிரி வேடம் போடும் புது வகை டாங்கிளை மாட்டினாலோ கதை பெரும்பாலும் தலைகீழ். லிங்க் வேகத்தைப் பார்த்து மெட்ரிக் போடுவதால் கிகாபிட் லேன் ஜெயித்துவிடும்; டேலி ஓடும், நெட் வராது. பக்கத்து அலுவலகத்துக்காரர் சொன்ன வைத்தியம் நமக்குப் பலிக்காமல் போவது இதனால்தான்.

முதல் வழி, அந்த ஒரு கம்ப்யூட்டரிலேயே சரிசெய்வது. லேனில் நெட்டே இல்லையென்றால் லேன் கார்டுக்கு ஐபி முகவரியும், நெட்வொர்க்கின் எல்லையைக் காட்டும் சப்நெட் மாஸ்க்கும் மட்டும் கொடுத்து, கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். அவ்வளவுதான். காசு செலவில்லை, ரீஸ்டார்ட் செய்தாலும் கலையாது. கிளை அலுவலக சப்நெட் வேண்டுமென்றால் கமாண்ட் பிராம்ப்டில் route add கட்டளையால் அதற்கு மட்டும் தனிப் பாதை போடலாம்; '-p' சேர்த்தால் நிரந்தரமாக நிற்கும். லேனிலும் பிராட்பேண்ட் இருந்து, டாங்கிள் மாற்று ஏற்பாடு மட்டும்தான் என்றால் கேட்வேயை எடுக்காமல் மெட்ரிக் எண்களைக் கையால் போடலாம். ஆனால் ஐபிவி4-க்கு (பழைய முகவரி முறை) மட்டும் போட்டுவிட்டு ஐபிவி6-ஐ (புது முறை) மறந்துவிடாதீர்கள். நம் ஊர் மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி6 தருகின்றன. அதை விட்டுவிட்டால் பாதித் தளங்கள் ஒரு வழியாகவும் மீதி வேறு வழியாகவும் போய்க் குழப்பும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஏகப்பட்ட ரவுட்டர்கள் 192.168.1.1 என்ற முகவரியோடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. பாக்கெட் வைஃபை கருவிகள் சிலவும் அப்படியே. இரண்டு பக்கமும் ஒரே சப்நெட் என்றால் எந்த மெட்ரிக்கும் காப்பாற்றாது. ஒரு பக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். லேனில் பிரிண்டர் வரைக்கும் நிலையான ஐபி போட்டிருப்பார்கள், அதனால் டாங்கிள் பக்கத்தை மாற்றுவது சுலபம்.

இரண்டாவது வழி, விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் வந்த நெட் பகிர்வு. ஒரு கம்ப்யூட்டரில் டாங்கிள், மற்ற எல்லோருக்கும் அதன் வழியாக நெட். பார்க்க அழகான ஏற்பாடு. நான் இதைச் சின்ன அலுவலகத்துக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பகிர்வை இயக்கிய மறுகணம் அந்த கம்ப்யூட்டரின் லேன் ஐபியை விண்டோஸ் தானே மாற்றிவிடும். எக்ஸ்பி வரை 192.168.0.1, விண்டோஸ் 7-லிருந்து 192.168.137.1. அந்த கம்ப்யூட்டரே டேலி சர்வராகவும் இருந்தால் (சின்ன அலுவலகத்தில் அப்படித்தான் இருக்கும்) மற்ற எல்லாருக்கும் டேலி ஒரே நேரத்தில் போய்விடும். ஜிஎஸ்டி கடைசி நாளில் இது நடந்தால் என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. போதாததற்கு அதுவே டிஹெச்சிபி சர்வராகவும் மாறி மற்ற கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கத் தொடங்கும். ஏற்கெனவே ரவுட்டர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் இரண்டும் மோதும். விண்டோஸ் 10-இல் ரீஸ்டார்ட் செய்த பிறகு பகிர்வு வேலை செய்யாமல் கிடப்பதும் உண்டு. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

பட்டறைகளில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. சிஎன்சி இயந்திரத்தோடு (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு இயந்திரம்) ஓடும் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டருக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. லேனில் மட்டும் இருக்கும்வரை ஏதோ பிழைத்துக்கொண்டிருக்கும். நெட் பகிர்வு அதற்கும் வெளியே போக வழி திறந்துவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் முதல் வழிதான் ஏற்றது. கேட்வே காலியாக இருக்கட்டும். நெட் ஒரு கம்ப்யூட்டரோடு நிற்கட்டும். அந்த ஒன்றிலும் நெட்வொர்க் அமைப்பில் டாங்கிள் இணைப்பைப் பப்ளிக் என்றும் லேனைப் பிரைவேட் என்றும் குறித்துவிடுங்கள்.

பிரிட்ஜ் செய்வது, அதாவது இரண்டு இணைப்புகளையும் ஒரே நெட்வொர்க்காக ஒட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். டயல்-அப் இணைப்பைப் பிரிட்ஜில் சேர்க்கவே முடியாது, அதனால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

மூன்றாவது வழி ரவுட்டர். நாலைந்து பேருக்கு நெட் வேண்டுமென்றால் என் ஓட்டு இதற்குத்தான். டாங்கிளைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி ரவுட்டரின் யுஎஸ்பி போர்ட்டில் செருகிவிட்டால், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரே ஒரு கேட்வே. யாருடைய மெட்ரிக்கையும் தொட வேண்டாம். டேலி கம்ப்யூட்டரை அணைத்தாலும் மற்றவர்களுக்கு நெட் இருக்கும். பிராட்பேண்டும் இருந்தால் இரண்டு வேன் (WAN, வெளி நெட்) போர்ட் உள்ளதாக வாங்கலாம். அதில் லோடு பேலன்ஸ் (இரண்டு வழியிலும் பிரித்து அனுப்புவது), ஃபெயில்ஓவர் (ஒன்று போனால் மற்றதற்கு மாறுவது) என்று இரண்டு முறை இருக்கும். ஃபெயில்ஓவரையே வையுங்கள். லோடு பேலன்ஸில் ஒரு கோரிக்கை பிராட்பேண்ட் வழியாகவும் அடுத்தது டாங்கிள் வழியாகவும் போகலாம்; நடுவில் ஐபி மாறினால் வங்கித் தளங்கள் லாகின் அமர்வையே முறித்துவிடக்கூடும்.

இதற்கும் குறை உண்டு. மொபைல் இணைப்பில் பல பேர் ஒரே பொது ஐபியைப் பகிர்வதால் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. வீட்டிலிருந்தபடி அலுவலக கேமராவை நேரடி ஐபியில் பார்ப்பவர்களுக்கு, டாங்கிளுக்கு மாறிய நேரத்தில் அது தெரியாது. அப்புறம் எல்லா ரவுட்டரும் எல்லா டாங்கிளையும் ஏற்காது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும்போது உங்கள் டாங்கிளையும் சிம்மையும் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே செருகி நெட் வருகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். யுஎஸ்பி போர்ட் இருப்பதே போதாது. சிலவற்றில் அது பென்டிரைவுக்கும் பிரிண்டருக்கும் மட்டும்தான்.