கதவை மூடிக்கொண்டு தெரபி செய்யும் மையம்: பணம் கட்டும் முன் படியுங்கள்

பிள்ளைக்குக் கோபம் வந்தால் கட்டுப்படுத்த முடியவில்லை, கத்துகிறான், அடிக்கிறான், கையில் கிடைத்ததை எறிகிறான் என்று தெரபி மையம் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் மையத்தின் பெயரைப் போடவில்லை. அங்கே எங்களிடம் பேசிய பேச்சை அப்படியே எழுதுகிறேன். அதே பேச்சை வேறு எங்காவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் மகனுக்கு எட்டு வயது. அவனுக்கு வருவது கடையில் பொம்மை கேட்டு அழுகிற அடம் இல்லை. நோட்டைக் கிழிப்பான், சுவரில் தலையை முட்டிக்கொள்வான், தடுக்கப் போனால் கடித்துவிடுவான். முக்கால் மணி நேரம் கழித்து, வேர்வையில் நனைந்து, தரையிலேயே தூங்கிப்போவான். பள்ளியில் "ஏதாவது நல்ல சென்டர்ல காட்டிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அத்தை மந்திரிக்கச் சொன்னார். இந்த நிலைமையில் இருக்கும் பெற்றோரிடம் "நாங்க சரி பண்ணித் தர்றோம்" என்று ஒருவர் நிதானமாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தவிப்பைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

முதல் நாள் மையத்தின் இயக்குநர் என்னிடம் பேசியது இருபது நிமிடம். மகனிடம் பெயரும் வகுப்பும் கேட்டார், அவ்வளவுதான். உடனே ஒரு தாளில் 'டி.எம்.டி.டி.' என்று எழுதிக் கொடுத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் கையேட்டில் சேர்த்த நோய்ப்பெயர் அது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் வாரத்துக்கு மூன்று முறையாவது கோபத்தில் வெடிக்கிற வெடிப்பு வர வேண்டும், அது ஒரு வருடமாவது நீடித்திருக்க வேண்டும், வெடிப்பு இல்லாத நேரத்திலும் பிள்ளை பெரும்பாலும் எரிச்சலாகவே இருக்க வேண்டும். என் மகன் மற்ற நேரமெல்லாம் சிரித்துக்கொண்டு, தங்கைக்குக் கதை சொல்லிக்கொண்டு இருப்பவன். இதில் எதையும் அவர் கேட்கவே இல்லை.

அடுத்தது 'பிரெயின் மேப்பிங்', அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிகிற ஈ.ஈ.ஜி. சோதனையை வண்ணப் படமாக்கிக் கொடுப்பது. அதற்குத் தனியாக 8,500 ரூபாய். மூளைப் படத்தில் சிவப்பாக இருந்த ஒரு இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, "இதுதான் மேடம் இவனோட கோப சென்டர்" என்றார். வலிப்பு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் ஈ.ஈ.ஜி. எடுப்பது அவசியம்தான். ஆனால் பிள்ளைக்கு ஏன் கோபம் வருகிறது என்று இப்படி ஒரு வண்ணப் படத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது என்று பிற்பாடு நாங்கள் பார்த்த மருத்துவர் தெளிவாகச் சொன்னார்.

ஆறு மாதப் பேக்கேஜ் 1,20,000 ரூபாய், மொத்தமும் முன்பணம். மாதாமாதம் கட்டுகிறோம் என்று என் கணவர் கேட்டதற்கு, "இந்த பேட்ச்ல ஒரு ஸ்லாட்தான் இருக்கு சார்" என்றார்கள். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் 'பணம் திருப்பித் தரப்படாது'.

உள்ளே எங்களை விடவில்லை. "அம்மா பக்கத்துல இருந்தா பையன் நடிப்பான்" என்றார்கள். கேமரா பதிவையாவது காட்டுங்கள் என்றால், மற்ற பிள்ளைகளின் பிரைவசி என்றார்கள். வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், அதெல்லாம் எங்கள் பொறுப்பு என்றார்கள்.

போகப் போக மகன் மோசமானான். ராத்திரியில் படுக்கை நனைய ஆரம்பித்தது. மையம் இருக்கும் தெரு வந்தாலே வண்டியில் என் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். கேட்டால், "முதல்ல ஏறும், அப்புறம்தான் இறங்கும் மேடம்" என்பார்கள். கவனத்தை ஈர்க்கச் செய்கிற ஒரு செயலைத் திட்டமிட்டுப் பொருட்படுத்தாமல் விடும்போது, அது கொஞ்ச நாள் கூடிவிட்டுக் குறைவது உண்டு. அது நிஜமான விஷயம். ஆனால் பிள்ளை மாதக்கணக்கில் நடுங்குவதற்கு அதைச் சமாதானமாகச் சொல்ல முடியாது. இந்த ஒரு வரி என்னை இன்னமும் கொதிக்க வைக்கிறது, ஏனென்றால் பிள்ளை படுகிற வேதனையையே முன்னேற்றம் என்று விற்கிற வரி இது.

முன்னேற்ற அறிக்கை என்று ஆங்கிலத்தில் ஒன்று கொடுத்தார்கள். உட்கார்ந்து நிதானமாகப் படித்தால், என் மகனைப் பற்றிய அறிக்கையில் பாதிக்குமேல் 'ஷி', 'ஹெர்' என்று இருக்கிறது. அவனுக்கு என்றைக்குமே இல்லாத பிரச்சினை ஒன்று சரியாகி வருவதாகவும் எழுதியிருந்தார்கள். வேறு யாரோ ஒரு பெண் குழந்தையின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயங்காலம், அவன் தன் யானை பொம்மையை பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் போடாம இருந்தாத்தான் திறப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "யாரு கண்ணு அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. பொம்மையை மட்டும் வெளியே எடுத்து என் மடியில் வைத்தான்.

மறுநாள் மையத்தில் வகுப்பு முடிவதற்கு முன்பே போய், வரவேற்பில் இருந்த பெண் தடுக்கத் தடுக்க உள்ளே நுழைந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஜன்னல் கிடையாது, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். கதவில் வானவில் ஸ்டிக்கர் ஒட்டி 'அமைதி அறை' என்று எழுதியிருந்தது. உள்ளே என் மகன் குப்புறக் கிடந்தான். ஒரு ஆள் அவன் முதுகில் முழங்காலை வைத்து அழுத்தி, இரண்டு கைகளையும் பின்னால் பிடித்திருந்தான். "ஹோல்டிங் டெக்னிக் மேடம், பயப்படாதீங்க" என்றான். குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினால் மூச்சு முட்டும். அப்படி அழுத்திப் பிடித்ததில் உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இது எந்தத் தெரபியும் இல்லை.

தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். அதற்கப்புறம் தோண்டியதில், டாக்டர் என்று போர்டில் போட்டிருந்த இயக்குநர் டாக்டரே இல்லை என்று தெரிந்தது. பதிவு எண் கேட்டபோது முதல் நாளே "ரினியூவல்ல இருக்கு" என்று சொல்லியிருந்தார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் இணையதளத்தில் தேடினால் அவர் பெயரே இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் அங்கே பதிந்திருக்க வேண்டும். அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள், அவர்களிடம் பட்டச் சான்றிதழைக் கேளுங்கள். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் 1992-ஆம் ஆண்டு மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்களிடம் ஒரே நாளில் லட்சத்துக்குமேல் வாங்கியவருக்கு 1,000 ரூபாய் என்பது ஒரு தண்டனையா?

இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுகிறோம். அவர் முதலில் கேட்டது தூக்கம், மலச்சிக்கல், பல்வலி, காது கேட்கும் திறன். பிறகு ஒரு நோட்டுப் போடச் சொன்னார். ஒவ்வொரு வெடிப்புக்கும் முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்கப்புறம் நாங்கள் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். சில வாரங்களிலேயே நோட்டில் விஷயம் தெரிந்துவிட்டது. பெரும்பாலும் வீட்டுப்பாடம் எழுதுகிற நேரம். சோதித்துப் பார்த்ததில் அவனுக்குக் கற்றல் குறைபாடும் கவனக்குறைவும் இருப்பது தெரிந்தது. எழுத்து பிடிபடாமல் அவமானத்தில் வெடித்திருக்கிறான். ஆறு மாதத்துக்கு மொத்தமாகப் பணம் வாங்கியவர்களில் ஒருவர்கூட அவனை ஒரு பக்கம் படிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை.

இங்கே பயிற்சி முக்கால்வாசி எங்களுக்குத்தான். அவன் கொதிக்கும்போது நீளமாகப் பேசக்கூடாது, பொருளை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும், அடங்கிய நேரத்தில் செய்த நல்லதை உடனே சொல்லிப் பாராட்ட வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகளின் வெடிப்புக்குப் பெற்றோருக்குத் தருகிற இந்தப் பயிற்சிக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது என்றார் மருத்துவர். வெடிப்பு நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. நிறுத்திக் காட்டுகிறேன் என்று அவர் வாக்கும் கொடுக்கவில்லை.

செலவுக்குப் பயந்து தனியார் மையங்களின் விளம்பரத்தில் விழுபவர்களுக்கு: மாவட்டங்களில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கிற அரசின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, பதினெட்டு வயது வரை பார்க்கிறார்கள். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கிறது. யாரிடம் பேசுவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், அது உண்மை.

இதே மாதிரி பணம் கட்டி ஏமாந்திருந்தால், ரசீதில் 'திருப்பித் தரப்படாது' என்று இருப்பதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிள்ளையை அடைத்து வைத்தார்கள், அழுத்திப் பிடித்தார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். பராமரிப்பில் விட்ட பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறை. கையில் காயம் இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். வாட்ஸப் மெசேஜ், அறிக்கை, ரசீது எதையும் அழிக்காதீர்கள். எங்கள் புகாரில் முக்கிய ஆதாரமாக வைத்திருப்பது அந்த 'ஷி', 'ஹெர்' அறிக்கையைத்தான்.