மைஎஸ்கியூஎல் 8-க்கு மாறியதும் பழைய மென்பொருள் உள்ளே நுழையவில்லையா? இரண்டு வழிகள்

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 5.7-இலிருந்து புதிய 8.0 சர்வருக்கு டேட்டாவை மாற்றி, யூசரையும் புதிதாக உருவாக்கினால், அதுவரை ஒழுங்காக ஓடிய பழைய பில்லிங் மென்பொருள் ஆதென்டிகேஷன் பிளக்இன் (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பகுதி) பிழை காட்டி நின்றுவிடும். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. புது யூசர்களுக்கு 8.0 தரும் கேஷிங் ஷா2 என்ற பாஸ்வேர்ட் சரிபார்ப்பு முறை, மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் பழைய டிரைவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இப்போது என்ன செய்யலாம்? யூசரைப் பழைய நேட்டிவ் முறைக்கு மாற்றலாம், அல்லது டிரைவரைப் புதுப்பிக்கலாம்.

வேலை
நேட்டிவ்: ஒரே ஒரு ஆல்டர் யூசர் கட்டளை, சர்வரை நிறுத்தவே வேண்டாம்.
டிரைவர்: ஒவ்வொரு கணினியாக உட்கார வேண்டும். மென்பொருள் 32 பிட் என்றால், விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் ஓடிபிசி (மென்பொருள் டேட்டாபேஸோடு பேசும் பொது வழி) டிரைவரைத்தான் போட வேண்டும். பலர் அரை நாளைத் தொலைப்பது இங்கேதான்.

பாதுகாப்பு
நேட்டிவ்: பாஸ்வேர்டை ஹாஷாக மாற்றிச் சேமிப்பது ஷா1 முறையில், அதுவும் சால்ட் (பாஸ்வேர்டோடு கலக்கும் தற்செயல் எழுத்துகள்) இல்லாமல்.
டிரைவர்: அதைவிட வலுவான ஷா256, சால்ட் உண்டு.

ஆயுள்
நேட்டிவ்: 8.4-இல் தானாகவே அணைந்திருக்கும், நாமே இயக்க வேண்டும். 2024-இல் வந்த 9.0-இல் அடியோடு நீக்கிவிட்டார்கள்.
டிரைவர்: அடுத்த மேம்படுத்தலிலும் தாங்கும்.

மென்பொருளுக்குள்ளேயே பழைய இணைப்பு லைப்ரரி கட்டப்பட்டு, சோர்ஸ் கோடும் கையில் இல்லையென்றால் நேட்டிவ்தான் வழி. ஆனால் அந்த ஒரு யூசருக்கு மட்டும், தேவையான டேட்டாபேஸுக்கு மட்டும் அனுமதி கொடுத்து வையுங்கள். ஓடிபிசி அல்லது ஜேடிபிசி (ஜாவா மென்பொருளுக்கான இணைப்பு வழி) வழியாக இணைகிறது என்றால், சரி, ஒரு நாள் போனாலும் போகட்டும், டிரைவரையே மாற்றுங்கள்.