மதுரையிலிருந்து பாயிண்ட்ஸில் கடற்கரை ரிசார்ட்: எங்கே செலவழித்தால் லாபம்?

ராமேஸ்வரம் 170 கிலோமீட்டர், கன்னியாகுமரி 245. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஹோட்டல் பாயிண்ட்ஸ் (குழும ஹோட்டல்களில் தங்கும்போது கணக்கில் ஏறும் வெகுமதிப் புள்ளிகள்) சேர்த்து வைத்திருக்கும் மதுரைக் குடும்பத்துக்கு இந்த இரண்டு ஊரும் கைகொடுக்காது. ராமேஸ்வரத்தில் ஹயாத் பிளேஸ் உண்டு, கோயிலுக்குப் போய்வர நல்ல இடம். கடலில் கால் நனைத்துக் கிடக்கிற ரிசார்ட் அல்ல. அதற்கு மூன்று திசைகள்: மாமல்லபுரம் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை), கேரளத்துக் கோவளம், கொஞ்சம் துணிந்தால் இலங்கை.

முதலில் கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். டாடாவின் நியூகாயின் ஒன்று ஒரு ரூபாய். பசுமலை கேட்வேயில் தங்கினாலும் சேரும். இது பணம் மாதிரி. சீசனோ வார நாளோ, மதிப்பு மாறாது. மேரியட் குழுமத்தின் பான்வாய், ஐஎச்ஜி குழுமத்தின் பாயிண்ட்கள் அப்படி அல்ல. பான்வாயில் எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்ற நிலையான அட்டவணை 2022 முதல் கிடையாது. அறை வாடகை ஏற ஏற பாயிண்ட் கணக்கும் ஏறும். அழகர்கோவில் ரோட்டில் மேரியட்டின் கோர்ட்யார்டில் கல்யாணத்துக்கு அறை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: உறுப்பினர் தானும் தங்கி, பணமும் தானே கட்டினால் மூன்று அறை வரை அவர் கணக்கில் பாயிண்ட் ஏறும். ஆனால் மேரியட்டின் சொந்த ஆப்பிலோ தளத்திலோ புக் செய்திருக்க வேண்டும். வேறு டிராவல் ஆப் வழியாகப் போட்டால் பொதுவாக ஒரு பாயிண்டும் வராது.

கணக்கு இப்படி. ஒரு இரவு வாடகை 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7,500-ஐத் தாண்டிய அறைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 16,520. அதே இரவுக்கு 20,000 பாயிண்ட் கேட்டால் ஒரு பாயிண்ட் சுமார் 83 பைசா. வாடகை 9,000 ஆக இறங்கிய செவ்வாய்க்கிழமை வரியோடு 10,620. அன்றைக்கு 18,000 பாயிண்ட் கேட்டால் 59 பைசாதான். அன்று காசு கொடுத்துத் தங்கி, பாயிண்டை விட்டுவைப்பதே புத்திசாலித்தனம். பலர் வரியைச் சேர்க்காமல் கணக்குப் போட்டு, பாயிண்டைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பான்வாய் பாயிண்டில் போடும் இலவச இரவில் அறை வரியும் அடக்கம்.

ஈசிஆரில் வடக்கிலிருந்து வந்தால் முதலில் கோவளத்தில் (கேரளத்தது அல்ல, நம் ஈசிஆர் கோவளம்) தாஜ் ஃபிஷர்மன்ஸ் கோவ். 1974-இல் தொடங்கியது, பழைய டச்சுக் கோட்டை இருந்த இடம். கடலை ஒட்டிய காட்டேஜ்கள்தான் இதன் சிறப்பு. நியூகாயின் பணம் போலக் கழிவதால் அடிப்படை அறையோடு நிற்க வேண்டாம், காட்டேஜுக்கே போடலாம். பான்வாயில் இந்தச் சுதந்திரம் இல்லை. இலவச இரவு பெரும்பாலும் சாதா அறைக்குத்தான், கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் பாயிண்டோ காசோ கேட்கும். அடுத்து வடநெம்மேலி, நெம்மேலிப் பக்கம் ஷெரட்டன் கிராண்டும் இன்டர்கான்டினென்டலும். முன்னது பான்வாய், பின்னது ஐஎச்ஜி. எலைட் அந்தஸ்து இல்லாத சாதாரண ஐஎச்ஜி உறுப்பினருக்கு 12 மாதம் கணக்கில் அசைவே இல்லையென்றால் பாயிண்ட் காலாவதி. பான்வாயில் 24 மாதம். அதனால் இரண்டும் இருந்தால் ஐஎச்ஜியை முதலில் தீர்த்துவிடுங்கள். ஐஎச்ஜியின் 'நாலாவது இரவு இலவசம்' நம் ஊர் கார்டுக்காரர்களுக்குக் கிடையாது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இந்த மூன்றிலும் சிக்கல் சாப்பாடு. வாசலை விட்டு இறங்கினால் நடக்கிற தூரத்தில் இட்லிக் கடை தேடி அலைய வேண்டும். பாயிண்ட் அறையில் காலை டிபன் பொதுவாகச் சேராது. உள்ளே சாப்பிட்டால் பில்லில் 18 சதவீத வரி. நாலு பேர், இரண்டு நாள், நாலைந்து பஃபே என்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். இந்த இடத்தில்தான் மாமல்லபுரம் ஊருக்குள்ளேயே இருக்கும் ராடிசன் புளூ டெம்பிள் பே முந்துகிறது. கடற்கரைக் கோயிலைப் பார்த்தபடி இருக்கிறது, வளைந்து வளைந்து ஓடும் பிரம்மாண்டமான நீச்சல் குளம், ஒத்தவாடைத் தெருவின் மீன் கடைகளுக்கு ஆட்டோவில் சில நிமிடம். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு என் முதல் ஓட்டு இதற்கே, பாயிண்ட் கணக்கு சற்று இளைத்தாலும் பரவாயில்லை.

குளத்தை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஈசிஆர் கடல் குளிப்பதற்கானது அல்ல. இழுப்பு அதிகம், கரை சட்டென்று ஆழமாகும். கடலில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை கேரளக் கோவளம். அங்கே தாஜ் கிரீன் கோவ் இருக்கிறது, நியூகாயின் செல்லும். மலைச்சரிவில் பரவிய காட்டேஜ்கள். முழங்கால் வலி உள்ள அப்பத்தா, தாத்தா வந்தால் ரெஸ்டாரன்ட்டுக்குப் பக்கத்து அறையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் பக்கி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். ஜூன், ஜூலையில் அங்கே அலை ஆளைப் புரட்டும். மாமல்லபுரத்துக்கு அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை. அரையாண்டு லீவில் போகிறவர்கள் டிசம்பர் 31 இரவைத் தவிர்ப்பது நல்லது. பல ரிசார்ட்டுகள் அன்று காலா டின்னரைக் கட்டாயமாக்கி, பாயிண்டில் வந்தவர்களிடமும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும்.

ஐந்து நாள் ஒதுக்க முடிந்தால் ஈசிஆரில் பாயிண்டை உடைக்காதீர்கள். பான்வாயில் ஐந்து இரவு சேர்த்துப் போட்டால், அவற்றில் மலிவான ஒரு இரவுக்குப் பாயிண்ட் கழியாது. இந்தச் சலுகைக்குப் பொருத்தமான இடம் இலங்கையின் வெலிகம பே மேரியட். மதுரையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர விமானம், பிறகு தெற்கு விரைவுச்சாலையில் கார். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் கரை அமைதியாக இருக்கும், அலைச்சறுக்கு பழகுகிறவர்களுக்குப் பேர் போன விரிகுடா. மாமல்லபுரத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்கினால் பிள்ளைகளே ஊருக்குப் போகலாம் என்பார்கள்.

ரயிலில் போகிறவர்கள் காலை வைகையைப் பிடித்துச் செங்கல்பட்டில் இறங்குங்கள். எழும்பூர் வரை போனால் அதே தூரத்தைத் திரும்பி வர வேண்டும். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர், 3 மணி செக்‑இன்னுக்குச் சரியாக இருக்கும். பாண்டியனில் போனால் விடிவதற்கு முன்பே இறங்கி, அறை கிடைக்காமல் லாபியில் உட்கார நேரும்.

புக் செய்யும்போது ஆட்களின் எண்ணிக்கையைச் சரியாகப் போடுங்கள். ஆப் பெரும்பாலும் ஒருவர் என்றே எடுத்துக்கொள்ளும். மூன்றாவது பெரியவருக்கு எக்ஸ்ட்ரா பெட் காசில்தான், ஒவ்வொரு இரவுக்கும், வரியோடு. எவ்வளவு என்று ரிசார்ட்டுக்கு மெயில் போட்டுக் கேட்டு, பதிலை எடுத்துக்கொண்டு போங்கள். கவுன்டரில் தொகை மாறினால் அந்த மெயில்தான் பேசும்.