கட்டைவிரல் கேட்கும் கிட்டார்: ஃபிங்கர்பிக்கிங் ப்ளூஸுக்கு எல்-00, 00-15எம், வாட்டர்லூ – எதை எடுப்பது?

மெம்ஃபிஸ் நகரின் ஹூக்ஸ் பிரதர்ஸ் ஸ்டூடியோவில் எடுத்த ராபர்ட் ஜான்சனின் படத்தைப் பார்க்காத ப்ளூஸ் ரசிகர் அநேகமாக இருக்க மாட்டார். கோடு போட்ட சூட், சாய்த்து வைத்த தொப்பி, கால்மேல் கால், மடியில் ஒரு சின்ன கிப்சன் எல்-1. 1936-ல் சான் அன்டோனியோவிலும் 1937-ல் டல்லஸிலும் அவர் பதிவுசெய்த 29 பாடல்களில் ஒலிப்பது இதே கிட்டார்தானா என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் சின்ன உடம்பு கிட்டார்களை விற்றுக்கொடுப்பதில் இந்த ஒரு படத்துக்கு ஈடான விளம்பரம் இல்லை.

படத்தைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பில்லை. கிப்சன் எல்-00, மார்ட்டின் 00-15எம், வாட்டர்லூ டபிள்யூஎல்-14 என்று மூன்று கிட்டார்களை எதிரில் வைத்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அது உதவாது, அவ்வளவுதான். அப்போது ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கட்சி: கட்டைவிரல் தட்டிய பாஸ் (கீழ்ஸ்தாயி) சுரம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது? கிட்டார் விமர்சனங்களில் நீளமான கார்வையைத்தான் எப்போதும் புகழ்வார்கள். தந்திகளை விரல்களால் தனித்தனியாகப் பறிக்கும் ஃபிங்கர்பிக்கிங் ப்ளூஸில் அது பல நேரம் தொந்தரவு.

இந்த வாசிப்பில் கட்டைவிரல் விடாமல் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். மிசிசிப்பி டெல்டா பாணியில் பெரும்பாலும் ஒரே தந்தியில் தட், தட் என்று விழும். அமெரிக்கத் தென்கிழக்கின் பீட்மான்ட் பாணியில் இரண்டு மூன்று தந்திகளுக்கு இடையே மாறி மாறித் தாவும். மெட்டு மேல்ஸ்தாயித் தந்திகளில், மற்ற விரல்களின் பொறுப்பில். ட்ரெட்னாட் போன்ற பெரிய கிட்டாரில் ஒரு பாஸ் சுரம் அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் கீழே ஒரே முழக்கம், மெட்டு அதில் முங்கிப்போகும். உடம்பு சிறுத்தால் உள்ளே அதிரும் காற்றின் அளவு குறைகிறது, அதன் சுருதி மேலே போகிறது, அந்த முழக்கமும் தணிகிறது. ட்ரெட்னாட்டின் இடுப்புக்குக் கீழான அகலம் 15⅝ அங்குலம். எல்-00-க்கு 14¾, மார்ட்டினின் 00 அளவுக்கு 14 5/16, இன்னும் சின்னதான 0 அளவுக்கு 13½. ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் அகலத்தோடு ஆழமும் குறைகிறது. காதில் விழும் வித்தியாசம் அளவுநாடாவில் தெரிவதைவிடப் பெரியது.

இது சட்டம் ஒன்றும் இல்லை. ரெவரெண்ட் கேரி டேவிஸ் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு 17 அங்குல அகலமுள்ள கிப்சன் ஜே-200-ல் ஒரு பியானோ அளவுக்கு வாசித்தார். லைட்னின் ஹாப்கின்ஸ் கையிலும் ஜே-50 இருந்தது, அதுவும் சின்னது அல்ல. இவர்களுக்கு உள்ளங்கையின் அடியைத் தந்திமேல் வைத்து ஒலியை அமுக்கும் வித்தை கைவந்திருந்தது. நமக்கு அது கைவரும் வரை கிட்டாரே கொஞ்சம் அமுக்கிக் கொடுத்தால் நல்லதுதானே.

சரி, களத்துக்கு வருவோம்.

கிப்சன் எல்-00 பொருளாதாரப் பெருமந்தக் காலத்துப் பிள்ளை. 1930-களின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ ஆலையில் பிறந்தது. இன்று மொன்டானாவின் போஸ்மனில் செய்கிறார்கள். ஸ்ப்ரூஸ் மேல்பலகை, மஹாகனி பின்பலகையும் பக்கங்களும், உள்ளே எக்ஸ் வடிவ பிரேசிங், அதாவது பலகையைத் தாங்கும் பட்டைகள். தந்தியின் இரு முனைத் தாங்கிகளான நட்டுக்கும் (கழுத்துப் பக்கம்) சேடிலுக்கும் (உடம்புப் பக்கம்) இடையே 24.75 அங்குலம், நட் அகலம் ஏறக்குறைய 43.8 மி.மீ. இதன் குணம் வறண்ட நடுஸ்தாயி. மெதுவாக மீட்டினால் அடக்கமாகப் பேசும், கட்டைவிரலால் ஓங்கித் தட்டினால் குரைக்கும். பாஸ் சுரம் சட்டென்று எழுந்து, வேலையை முடித்துவிட்டு விலகிக்கொள்ளும். ஆனால் முற்றிலும் மொட்டையாக நின்றுவிடாது, மெல்லிய பாட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும். ஒரே கிட்டாரில் டெல்டாவும் வேண்டும், பீட்மான்ட்டும் வேண்டும், நடுவில் சாதாரணப் பாட்டுக்குப் பக்கவாத்தியமும் வாசிக்க வேண்டும் என்பவருக்கு இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. விலைதான் இடிக்கும். இறக்குமதி வரியும் சேர்ந்தால் நன்றாகவே இடிக்கும்.

மார்ட்டின் 00-15எம் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. பென்சில்வேனியாவின் நாசரெத் ஊர்த் தயாரிப்பு. மேல்பலகை உட்பட எல்லாமே மஹாகனி. பளபளப்பு கிடையாது, விளிம்பில் வெள்ளைக் கோடு கிடையாது, பார்க்க ஒரு பழைய பள்ளிக்கூட டெஸ்க். மஹாகனி மேல்பலகையில் கிளைச்சுரங்கள் குறைவு, மூலச்சுரம்தான் தூக்கலாக நிற்கும். அதனால் பாஸ் கொஞ்சம் நின்றாலும் மெட்டோடு சண்டைக்குப் போகாது. மேல் தந்திகள் கண்ணாடிச் சில்லாகத் தெறிக்காமல் உருண்டு திரண்டு வரும். மெதுவான ஈ (E) சுருதி ப்ளூஸில் இது பெரிய சுகம்.

ஆனால் ஓங்கி அடித்துப் பாருங்கள். ஒரு அளவுக்கு மேல் சத்தம் ஏறவே ஏறாது. டெல்டா பாணியில் கட்டைவிரல் ஆவேசமாக விழும்போது, அதற்கு இந்தக் கிட்டார் பதில் சொல்லாமல் தலையாட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது குறை நட். 43 மி.மீ. என்பது கார்டு (பல சுரங்கள் சேர்ந்த கொத்து) மீட்டுபவருக்கு வசதி. விரல்களால் தனித்தனியாகப் பறிப்பவருக்கு, அதுவும் தடித்த விரல்காரருக்கு, நெருக்கடி. ஓரிரு மி.மீ. வித்தியாசத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் சி கார்டு பிடித்துச் சுண்டுவிரலை முதல் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் உலோகக் கட்டு) இறக்கிப் பார்க்கட்டும். மற்றபடி மூன்றில் விலை குறைந்தது இதுதான், மற்ற இரண்டும் கணிசமாக மேலே.

மூன்றாவது, என் மனது சாயும் பக்கம். ஆஸ்டின் நகரின் காலிங்ஸ் பட்டறை 2014-ல் வாட்டர்லூ என்ற பெயரில் கொண்டுவந்த டபிள்யூஎல்-14. பில் காலிங்ஸ் குறையே சொல்ல முடியாத கிட்டார்களைச் செய்து பெயர் வாங்கியவர். அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டதோ, கிப்சன் நிறுவனம் பெருமந்தக் காலத்தில் கலமசூ என்ற பெயரில் மலிவாக விற்ற கேஜி-14. ராபர்ட் ஜான்சனின் இன்னொரு படத்தில், வாயில் சிகரெட்டோடு இருக்கும் அந்தச் சின்னப் படத்தில், கையில் இருப்பது இந்த வகைக் கிட்டார்தான் என்று பரவலாகக் கருதுகிறார்கள்.

வாட்டர்லூவில் எக்ஸ் பிரேசிங், ஏணி பிரேசிங் என்று இரண்டு வகை உண்டு. நான் சொல்வது ஏணி. மேல்பலகையின் உள்ளே குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையாக ஒட்டிய பட்டைகள். அந்தக் காலத்தில் இப்படிச் செய்ததற்குக் காரணம் சிக்கனம்: வேலை குறைவு, செலவு குறைவு. ஸ்டெல்லா போன்ற மலிவுக் கிட்டார்கள் எல்லாம் இப்படித்தான் வந்தன. பிளைண்ட் வில்லி மெக்டெல்லும் லெட்பெல்லியும் வாசித்த பன்னிரண்டு தந்தி ஸ்டெல்லாக்களும் இதே கட்டுமானம். அந்தச் சிக்கனம் தந்த ஒலியைத்தான் நாம் இன்று ப்ளூஸ் ஒலி என்கிறோம். குறுக்குப் பட்டைகள் பலகையை ஒரு திசையில் விறைப்பாக்கிவிடுவதால் சுரம் வெடித்துக் கிளம்பி உடனே வடிந்துவிடும். கீழே முழக்கம் இல்லை, மேலே மினுமினுப்பு இல்லை, நடுவில் மட்டும் ஒரு மூக்கடைத்த குரல். முதல் முறை கேட்பவருக்கு இதுவா இத்தனை விலை என்று தோன்றலாம். கட்டைவிரலை ஓடவிட்டு மேலே மெட்டு வாசிக்கத் தொடங்கினால், இரண்டு பேர் வாசிப்பதுபோல் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும்.

நட் 44.5 மி.மீ., தாராளம். கழுத்தின் பின்புறம் லேசான வி வடிவம். இதன் அருமை எஃப் கார்டு பிடிக்கும்போது தெரியும். பீட்மான்ட்காரர்கள் ஆறாம் தந்தியை இடது கட்டைவிரலை மேலாக வளைத்துத்தான் அழுத்துவார்கள். வட்டமான கழுத்தில் அது மல்லுக்கட்டு. வி கழுத்தில் கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும்.

குறை இல்லாமல் இல்லை. மெல்லிய பலகை, ஏணிக் கட்டு, 0.012 அங்குலத்துக்கு மேல் தடித்த முதல் தந்தி கொண்ட செட் போட நினைக்கவே கூடாது. கிட்டார்களை 45–50 சதவீத ஈரப்பதத்தில் செய்கிறார்கள். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் பலகை நீர் குடித்து உப்பும், தந்தி உயரம் ஏறும். இது மூன்றுக்கும் பொருந்தும் என்றாலும் லேசான கட்டுமானத்தில் சீக்கிரம் தெரியும். பெட்டிக்குள் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டலம் போட்டு வைக்காதவர் இதை வாங்க வேண்டாம். அப்புறம், இது ஒரே வேலைக்கான கிட்டார். நீண்ட கார்வை கேட்கும் மெல்லிசையை இதில் வாசித்தால் பல்லிளிக்கும்.

கடையில் எதை வாசித்துப் பார்ப்பது? பெரும்பாலோர் தெரிந்த பாட்டை வாசிப்பார்கள், எல்லாக் கிட்டாரும் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் ஈ கார்டு பிடியுங்கள். கட்டைவிரல் ஆறாம் தந்தியைச் சீராக, ஆவர்த்தத்துக்கு நான்கு முறை தட்டட்டும், உள்ளங்கை தொடாமல். அதே நேரம் மூன்றாம் தந்தியைத் திறந்து மீட்டி, ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் ஓங்கி இறக்குங்கள். ஜி, ஜி ஷார்ப் ஆகும். ஈ-யை சட்ஜமாக வைத்துப் பார்த்தால் சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு ஒரு தாவல்; ப்ளூஸின் பாதி உயிர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மீட்டாமல் விரல் இறக்கியே எழுப்பிய அந்த இரண்டாவது சுரம் பாஸுக்கு மேலே தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் கிட்டாரை மாட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். பிறகு சி கார்டில் ஐந்து, நான்கு, ஆறு, நான்கு என்று கட்டைவிரலைத் தாவவிட்டு, நான்கு பாஸும் ஒரே கனத்தில் வருகின்றனவா என்று கவனியுங்கள். மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் 1928 பதிவுகளில் அந்தச் சமநிலையைக் கேட்கலாம். 1963-ல் அவலான் ஊரில் அவரை மறுபடி கண்டுபிடித்த பிறகு அவர் வாசித்த கில்ட் எஃப்-30-ம் அடக்கமான உடம்புதான்.

பட்ஜெட் இவ்வளவுக்கு எட்டாதவருக்கு டெய்லர் ஜிஎஸ் மினி எளிதில் கிடைக்கும். 23.5 அங்குலத் தந்தி நீளம், மேல்பலகை மட்டும் முழு மரம். ஆலையிலிருந்து தடித்த தந்தியோடு வரும். ஒலி சுத்தம், ரொம்பச் சுத்தம். ப்ளூஸுக்கு வேண்டிய அழுக்கு குறைவு. யமஹா சிஎஸ்எஃப்1எம் இன்னும் மலிவு, 600 மி.மீ. நீளத்தில் தந்தியை வளைப்பது சுலபம். ரெக்கார்டிங் கிங்கின் டர்ட்டி தர்ட்டீஸ் வரிசை கிடைத்தால் நான் முதலில் அதைத்தான் கையில் எடுப்பேன், தோற்றமும் குணமும் இந்தக் குடும்பத்துக்கு நெருக்கம். பழைய ஸ்டெல்லா வாங்கும் ஆசை வந்தால் ஒரு தகவல்: 1939-க்குப் பிறகு அந்தப் பெயர் சிகாகோவின் ஹார்மனி கம்பெனி கைக்குப் போனது, சந்தையில் அதிகம் கிடைப்பது அந்த ஹார்மனி ஸ்டெல்லாதான். அதிலும் ஏணிக் கட்டு உண்டு. ஆனால் கழுத்தைக் கழற்றிக் கோணம் சரிசெய்ய ஆகும் கூலி, கிட்டாரின் விலையைத் தாண்டிவிடும்.

மார்ட்டின் 000-28இசி பற்றியும் கேட்பார்கள், எரிக் கிளாப்டன் பெயரில் வருவது. பின்பலகை ஈட்டி மரம். மார்ட்டின் நிறுவனம் 1969-ல் பிரேசில் மரத்தை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியதிலிருந்து நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரம்தான் உலகக் கிட்டார்களில் பேசுகிறது. அருமையான கிட்டார், மறுப்பதற்கில்லை. ஆனால் ஈட்டியின் கிளைச்சுரங்களும் நீண்ட கார்வையும், நான் மேலே கேட்ட கேள்விக்கு நேர் எதிரான விடை.

ஆக, ப்ளூஸ் தவிர வேறெதற்கும் கிட்டாரைத் தொடாதவர் ஏணிக் கட்டு வாட்டர்லூவை எடுக்கலாம். வீட்டில் ஒரே கிட்டார் என்றால் எல்-00. பணம் அளந்து செலவழிப்பவர், மென்மையாக வாசிப்பவர், ஒல்லி விரல்காரர் என்றால் 00-15எம்.

எதை வாங்கினாலும் புதுத் தந்தியின் பளிச்சென்ற ஒலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாஸ்பர் வெண்கலத் தந்தி மாட்டிய கிட்டாரில் முதல் வாரம் எல்லாம் மினுங்கும். மோனெல் அல்லது நிக்கல் கலந்த தந்தி போட்டால் அந்த மினுக்கு அடங்கி, மரத்தின் குரல் வெளியே வரும். விலையும் பெரிதில்லை, இப்போது கையில் இருக்கும் கிட்டாரிலேயே முதலில் போட்டுப் பார்க்கலாம்.