டெய்லிமெட்: மருந்துப் பெயர் தெளிவாகக் கேட்காதபோது

அமெரிக்க டாக்டர்களின் டிக்டேஷனைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் சென்னையில் என்னைப் போல நிறைய பேர் இருக்கிறோம். உறுப்புகளின் பெயர், ஆபரேஷன் பெயர் எல்லாம் போகப் போகப் பழகிவிடும். மருந்துப் பெயர் அப்படி இல்லை. புதுசு புதுசாக வந்துகொண்டே இருக்கும். டாக்டரோ நோயாளியின் மருந்துப் பட்டியலை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவார். அந்த இடத்துக்காகவே நான் எப்போதும் திறந்து வைத்திருப்பது டெய்லிமெட் இணையதளம். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது. மருந்து கம்பெனிகள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் கொடுத்த லேபிள், அதாவது மருந்தைப் பற்றிய விவரக் குறிப்பு, முழுசாக அப்படியே இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைக் கண்டுபிடிக்க டெய்லிமெட் அவ்வளவாக உதவாது. முதல் சில எழுத்துகளாவது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். காதில் விழுந்ததை அப்படியே எழுதி, கூடவே நோயின் பெயரையும் போட்டுத் தேட கூகுளே போதும். ஆனால் கூகுள் காட்டும் பெயரை அப்படியே ஃபைலில் போடக் கூடாது. நான் டெய்லிமெட்டுக்கு வருவது அதற்கு அப்புறம்தான்.

அங்கே நான் பார்ப்பது இரண்டே இடம்: மருந்து எத்தனை மில்லிகிராமில் வருகிறது, எதற்குக் கொடுக்கிறார்கள். உதாரணத்துக்கு, காதில் ஒன்றுபோல விழும் செலிப்ரெக்ஸ், செலெக்ஸா. முதலாவது மூட்டுவலிக்கு, 50, 100, 200, 400 மில்லிகிராம் கேப்சூல். இரண்டாவது மனச்சோர்வுக்கு, மாத்திரை 10, 20, 40. டாக்டர் 'இருநூறு' என்றது தெளிவாகக் கேட்டால் அங்கேயே முடிந்துவிடும். குளோனிடினும் குளோனோபினும் இதைவிடக் கஷ்டம். குளோனிடின் மாத்திரை 0.1, 0.2, 0.3. குளோனோபின் 0.5, 1, 2. பார்க்க வித்தியாசமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரெக்கார்டிங்கில் 'பாயிண்ட்' என்ற சத்தம் விழுங்கப்பட்டால் 0.1ம் 1ம் ஒன்றாகிவிடும். அப்போது நோயாளியின் கதையைத்தான் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் என்றால் முதலாவது, வலிப்போ பேனிக் அட்டாக்கோ என்றால் இரண்டாவது.

ஹைட்ராக்ஸிசின், ஹைட்ராலசின் ஜோடியில் அளவு கை கொடுக்காது. இரண்டுமே 10, 25, 50 மில்லிகிராமில் வருகின்றன. ஒன்று அரிப்புக்கும் பதற்றத்துக்கும், மற்றது ரத்த அழுத்தத்துக்கு. இப்போது நமக்கு வருவதில் பெரும்பகுதி குரலை மெஷின் எழுத்தாக்கிக் கொடுக்கும் டிராஃப்ட். அதில் 'அரிப்புக்கு ஹைட்ராலசின் 25, படுக்கும்போது' என்று ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் இருக்கும். ஸ்பெல்செக் அதைப் பிடிக்காது. லேபிளைத் திறந்து பார்க்கிற எடிட்டர்தான் பிடிக்க முடியும். லைன் கணக்கில் சம்பளம் வாங்குகிற நமக்கு அந்த அரை நிமிஷம் பெரிதாகத் தெரியும், புரிகிறது. ஆனாலும் அந்த மாத்திரையை விழுங்கப் போகிறவர் ஒரு மனிதர்.

இதில் காதைக் குறை சொல்லிப் பயனில்லை. பெயர்களே அப்படி. லேசிக்ஸ் என்ற இன்னொரு மருந்துடன் குழம்புகிறது என்றுதான் 1990ல் லோசெக்கின் பெயரை ப்ரைலோசெக் என்று மாற்றினார்கள். 2016ல் பிரின்டெலிக்ஸ், பிரிலின்டாவுடன் குழம்பியதால் டிரின்டெலிக்ஸ் ஆனது. பழைய ரிப்போர்ட்டில் பழைய பெயர் இருக்கும் என்பதால் இந்த மாற்றங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சரி, குறைகள். ஒரு மருந்தின் பொதுப் பெயரை, அதாவது ஜெனரிக் பெயரைத் தேடினால் ஒவ்வொரு கம்பெனிக்கும், மறுபடி பேக் செய்து விற்பவர்களுக்கும் தனித்தனி லேபிளாக நீளமான பட்டியல் வந்து நிற்கும். புதியவர்கள் இதில் மிரண்டுபோவார்கள். பிராண்ட் பெயர் தெரிந்தால் அதையே போட்டுத் தேடுங்கள். பழைய பாணி லேபிள்களில் அளவுகளுக்கென்று தனிப் பகுதி இருக்காது, கடைசியில் 'ஹவ் சப்ளைடு' என்ற இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உச்சரிப்பைக் கேட்க வழியில்லை. இன்னொரு பொறி ஜான்டாக் என்ற பிராண்ட். பல வருஷமாக அதில் இருந்த மருந்து ரானிடிடின். 2020ல் எஃப்டிஏ ரானிடிடினைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. இப்போது ஜான்டாக் 360 என்று விற்பதில் இருப்பது ஃபாமோடிடின். டாக்டர் வெறுமனே ஜான்டாக் என்றால் ஜான்டாக் என்றே எழுதுங்கள், ஜெனரிக்கை நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

இவ்வளவு பார்த்தும் இரண்டு பெயர்கள் மிஞ்சினால் அந்த இடத்தைக் காலியாக, பிளாங்க்காக விடுவதுதான் சரி. பிளாங்க் எண்ணிக்கையைப் பார்த்து முகம் சுளிக்கும் க்யூஏ (தரம் சரிபார்ப்பவர்) இருக்கலாம். அதற்காக ஊகத்தை எழுதக் கூடாது. ஆடியோவில் எத்தனையாவது நிமிஷம், எந்த மாதிரி ஒலி, கேட்ட அளவு என்ன, எந்த நோய்க்கு என்று குறிப்பு போட்டு அனுப்பினால் அடுத்தவர் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம். அதே நோயாளியின் பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள். பல சமயம் விடை அதிலேயே இருக்கும்.

அமெரிக்க ஃபைல் செய்பவர்கள் எல்லோரும் டெய்லிமெட்டை புக்மார்க் செய்துகொள்ள வேண்டும் என்பேன். பிரிட்டிஷ் ஃபைல் செய்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே அசிட்டமினோஃபென் பாராசிட்டமாலாகவும் ஆல்புடெரால் சால்புடமாலாகவும் இருக்கும், பிராண்ட் பெயர்களும் வேறு. அவர்கள் அந்த நாட்டு லேபிள்கள் இருக்கும் இஎம்சி தளத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.